நக்கோ கூட்டமும் காலைப் பாட்டும்

செகந்திராபாத்தில் நான் படித்த கிறிஸ்தவக் கல்லூரியில் யூனியன் அறை என்று ஒன்று இருந்தது. கேரம் போர்டு, மின்விசிறி, நீள நீளமாக பெஞ்சுகள், எல்லாம் உண்டு. பையன்கள் மட்டும்தான் அங்கே போவார்கள். பெண்கள் வரக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை; வந்தால் விசிலடிப்பார்கள், அவ்வளவுதான். நாங்கள் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் மாடிப்படியில் உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறப்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அறையின் சாவி மாணவர் யூனியன் செயலாளர் கையில் இருக்கும். எனவே கடைசி வருடம் செயலாளர் பதவிக்கு நானே நின்றுவிட்டேன். பெண்களுக்கென்று ஒரு பிரதிநிதி பதவி இருக்கிறதே என்றார்கள். அந்தப் பதவிக்குச் சாவி கிடையாது!

ஓட்டு போடுவதற்கு முன் எல்லோரும் அசெம்பிளி ஹாலில் பேசியாக வேண்டும். பேச விடமாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசைப் பையன்கள் டெஸ்கைத் தட்டிக்கொண்டு "நக்கோ! நக்கோ!" என்று கத்துவார்கள். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதற்கு அதுதான் சொல். முந்தின வருடம் ஒரு பெண் பாதிப் பேச்சில் அழுதுகொண்டே இறங்கினாள். ஓட்டும் அதோடு போயிற்று.

காலை வழிபாட்டுக்குப் பியானோ வாசிக்கிற என் தோழிதான் வழி கண்டுபிடித்தாள்.

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நான் பியானோவ ஒரு தட்டு தட்டுறேன். காலையில பாட்டுக்கு எந்திரிக்கிற மாதிரி எல்லாம் எந்திரிச்சிடுவானுங்க. நின்னுக்கிட்டு டெஸ்க்க எப்டித் தட்டுவானுங்க? அந்தக் கேப்ல நீ ஆரம்பிச்சிடு."

அன்று மேடையேறினேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். வாயைத் திறப்பதற்குள் "நக்கோ!" கிளம்பிவிட்டது. தலைமை தாங்கியவன் பின்வரிசையில் இருந்த நெட்டையன். தோழி பியானோவைத் தட்டினாள். என்ன அதிசயம்! இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் என்று பாக்கியில்லாமல் மொத்த ஹாலும் விறைப்பாக எழுந்து நின்றது. நெட்டையன்கூட சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

இப்போது பேச வேண்டியது நான். நானோ சின்ன வயதிலிருந்தே சர்ச் கொயரில் பாடுகிறவள். பியானோ கேட்டதும் என் வாயும் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது. "நண்பர்களே" வரவில்லை. காலைப் பாட்டின் முதல் அடி வந்தது!

தோழி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஹால் விடுமா? கணீரென்று கூடவே பாடியது. இரண்டாம் சரணத்தில் நெட்டையன் அடித்தொண்டையில் சேர்ந்துகொண்டான். நிறுத்த எனக்கும் மனம் வரவில்லை. சத்தியமாக அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆமென் சொல்லவும் என் நேரம் முடிந்து மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினேன்.

வீட்டில் அம்மா சிரித்துச் சிரித்துத் தன் திருநெல்வேலிப் பேச்சுக்கே போய்விட்டாள். "ஏட்டி, ஓட்டுக் கேக்கப் போனவ பாட்டா படிச்சிட்டு வந்த?"

ஆனால் கத்தலில் மூழ்காமல் கடைசிவரை மேடையில் நின்றது அந்த வருடம் நான் ஒருத்திதான். ஓட்டு எண்ணினார்கள். ஜெயித்துவிட்டேன்! தோழியும் நானும் தாழ்வாரத்தில் தலைதெறிக்க ஓடினோம்.

முதல் கூட்டத்தன்று யூனியன் அறையை நானே திறந்தேன். முன் பெஞ்சுகளில் பெண்கள் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து மெல்ல "நக்கோ" தொடங்கியது. இங்கே பியானோ இல்லை. பாட்டின் முதல் சுரத்தை மூக்காலேயே இழுத்தேன். தடதடவென்று அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்! எழுந்த பிறகுதான் அவர்களுக்கே சிரிப்பு வந்தது.

"உட்காருங்கள். அன்றைக்குப் பேச வேண்டியதை இப்போது பேசட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

நெட்டையன்தான் பதில் சொன்னான். "ஹவ்."

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். முழுப் பேச்சையும் பேசினேன். ஒருவரும் பெஞ்சைத் தட்டவில்லை. அன்று மதியம் மாடிப்படி காலியாகக் கிடந்தது.