லிபியாவுக்குக் கொடுத்த பொய்த் தந்தி

அத்தை சாகக் கிடக்கிறார் என்று நான் தந்தி கொடுத்த அன்று, அவர் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகன், என் கணவர், அப்போது லிபியாவில் வெல்டர். தெற்கே பாலைவனத்தில், சாட் நாட்டு எல்லைப் பக்கம், தண்ணீர்த் தொட்டி கட்டுகிறோம் என்று எழுதுவார். முந்தைய வருஷம் அமெரிக்க விமானங்கள் அந்த நாட்டின்மேல் குண்டு போட்டபோதே திரும்பி வரச்சொல்லி எழுதினேன். அது கடற்கரைப் பட்டணத்தில், நான் இருப்பது உள்ளே என்று சமாதானம் சொல்லிக் கடிதம் வந்தது. எண்பத்தேழாம் வருஷமோ சண்டை உள்ளேயே வந்துவிட்டது. எல்லையில் ஒரு துண்டு மணலுக்காக லிபியாவும் சாட்டும் அடித்துக்கொள்கின்றன, சாட்டுக்குப் பின்னால் பிரான்சும் அமெரிக்காவும் நிற்கின்றன என்று வானொலியில் சொன்னார்கள். மரவள்ளி கூட முளைக்காத மண்ணுக்கு இத்தனை பேரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னசேலத்தில் ரேடியோ கடை வைத்திருந்த பாய்தான் வழி சொன்னார். வெளிநாட்டில் ஆள் இருக்கிற குடும்பங்களுக்கெல்லாம் தந்தி எழுதிக் கொடுப்பவர் அவர்.

"ஒடம்பு சரியில்லன்னு போட்டா கம்பெனிக்காரன் லீவு குடுக்க மாட்டாம்மா. தாயாருக்கு சீரியஸ்னு போடணும். அப்பத்தான் பாஸ்போர்ட்ட கையில குடுப்பான்."

எங்கள் பக்கத்தில் பல அம்மாக்கள் அப்படி இரண்டு மூன்று தடவை சாகக் கிடந்தவர்கள்தான். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கடிதம் போட வேண்டும்: இப்படி ஒரு தந்தி வரும், பயப்படாதே என்று. கடிதம் போய்ச் சேர இருபது நாள் ஆகும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? கடிதம் போடாமலே தந்தியைக் கொடுத்துவிட்டேன். அத்தையிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டிருந்தேன்.

"போட்டாதான் வருவான்னா போடு. அவன் வரும்போது படுத்துக்கறேன்," என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சாட் படை லிபியாவுக்குள் புகுந்து ஒரு விமானத் தளத்தையே அழித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடுவேன், தெருவிலிருந்து பாய் கடைக்கு. ஒருவழியாகப் பம்பாயிலிருந்து என் கணவரின் தந்தி வந்தது: வியாழக்கிழமை வருகிறேன். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அந்த வாரம்தான் எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். எங்கள் வீட்டிலிருந்தே கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்தன் கிளம்பினார்.

"அண்ணன் வர்ற ரோட்டையா வெட்டப் போறீங்க?" என்று மறித்தேன்.

"அண்ணனுக்கு இங்க ஒரு வேல கெடச்சிருந்தா அவுரு ஏன் அண்ணி லிபியா போறாரு? அதுக்குத்தான் வெட்டறோம்."

வழியை விட்டு விலகினேன். சாலைப் புளியமரங்கள் சாய்ந்தன. பஸ் நின்றது, ரயிலும் நின்றது. வியாழன் போய் வெள்ளியும் வந்தது. வடக்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துவிட்டார்கள் என்றார்கள். போரிலிருந்து இழுத்துவந்து இந்தச் சூட்டில் நிறுத்திவிட்டேனே என்று என்மீதே எனக்கு ஆத்திரமாக இருந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஏறி நின்று பார்ப்பேன். இறங்குவேன். மறுபடி ஏறுவேன். அத்தைக்குக் கட்டிலைப் போட்டு, தலைமாட்டில் மருந்துப் புட்டி கூட வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். கள்ளக்குறிச்சி ரோட்டில் அல்ல. பஸ் நின்ற இடத்திலிருந்து சங்கராபுரம் வரை நடந்து, மலையேறி வெள்ளிமலையில் ஒரு ஜீப்பைப் பிடித்து, கச்சிராயபாளையம் பக்கம் இறங்கி, மீண்டும் நடந்திருக்கிறார். அம்மாவின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று மூன்று நாள். ஊருக்கு வடக்கே வரப்பில், தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்தது அந்த அம்மாதான்.

"இன்னாடா இப்புடி எளச்சிப் பூட்ட?" என்றாராம் அத்தை.

வாசலுக்கு வந்தபோது புல்லுக்கட்டு மகன் தலைக்கு மாறியிருந்தது. இறக்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தந்தி நீயா குடுத்த?"

"ஆமாங்க."

அதற்குமேல் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது நானே ஆரம்பித்தேன்.

"நல்லவேள நீங்க பொறப்பட்டுட்டீங்க. எல்லைக்கிட்ட ஏதோ ஏரோப்ளேன் எறங்கற எடத்த அழிச்சிட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க."

அவர் கை தட்டிலேயே நின்றது. திரிப்போலியில் நாட்டைவிட்டு வெளியேறும் முத்திரைக்காகக் காத்துக் கிடந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கேட்டதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

"எங்க எடந்தான்," என்றார். "நான் கட்டுனது தண்ணித் தொட்டி இல்ல. ஏரோப்ளேனுக்குப் பெட்ரோல் டேங்கு. கடுதாசியப் பிரிச்சிப் படிப்பானுங்கன்னு தண்ணின்னு எழுதுனேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே, "என் எடத்துக்கு ராமநாதபுரத்து ஆளு ஒருத்தன் வந்தான். ரெண்டு புள்ளைங்க. நீங்க போயி அம்மாவப் பாருங்கண்ணேன்னு சொல்லிக்கினே என் கட்டில்ல துணிய வெச்சான்," என்றார்.

எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

சாலை திறந்ததும் அந்த ஆளுக்குக் கடிதம் போட்டார். பிறகும் இரண்டு போட்டார். எதற்கும் பதில் இல்லை. தபால்காரர் மணி கேட்டால் இன்றும் முதலில் எழுந்து போவது அவர்தான்.

முறைப்படி கடிதம் போட்டுவிட்டு இருபது நாள் காத்திருந்தால் அந்தக் கட்டிலில் இவர்தான் படுத்திருப்பார். அந்த ஆளின் மனைவியும் எந்தக் கடை வாசலிலாவது தந்தி எழுத நின்றிருப்பாள், அவளை நினைத்தால் இன்றும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. ஆனாலும் மறுபடி அந்த நாள் வந்தால் அதே தந்தியைத்தான் கொடுப்பேன். இதை அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை.