பழைய செர்வருக்கு வைத்த சந்தனம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். ஒற்றெழுத்துகள் இடம் மாறித்தான் விழும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழைக்குப் பயந்துதான் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

திருவனந்தபுரத்தில், பாளையம் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் கடைநிலை ஊழியன். டீ கொண்டுபோவது, கோப்பு தூக்குவது, ஏசி அறையைத் துடைப்பது என் வேலை. அந்த அறையில்தான் செர்வர் இருந்தது. யார் யார் கணினியைத் திறக்கலாம், யாருக்கு எந்த பாஸ்வேர்டு என்கிற பட்டியலெல்லாம் அதன் பொறுப்பு.

அது வயதாகி முனகத் தொடங்கியதும் புதியது ஒன்று வாங்கினார்கள். பழையதன் பொறுப்புகளைப் புதியதற்கு மாற்றும் வேலை, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு மேடத்துக்கு. கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வருபவர். அங்கே என்னோடு தமிழில் பேச அவர் ஒருவர்தான்.

"மொத்தம் அஞ்சு பொறுப்பு அண்ணா. ஒண்ணொண்ணா இவர் கையால புதுசுக்குக் குடுக்கணும். மூணு குடுத்தாச்சு. மிச்சம் ரெண்டு, பூஜை லீவு கழிஞ்சு," என்று டீயை வாங்கிக்கொண்டார். பழையதன் தலையில் தட்டினார். "பாவம், ஆறு வருஷமா கண்ணே மூடலை. இனி ரெஸ்ட்தான். பென்ஷன் மட்டும் கேக்கப்படாது."

நவராத்திரியில், பூஜை வைப்பு அன்று எல்லா மெஷின்களையும் அணைத்துத் துடைத்துச் சந்தனம் தொட்டுவைப்பது வருடாவருடம் நான்தான். விஜயதசமி அன்று பூஜை எடுக்கும்வரை அவற்றை யாரும் தொடமாட்டார்கள். செர்வரை மட்டும் அணைப்பதில்லை. ஓடும்போதே அதற்குச் சந்தனம்.

அந்த வருடம் பழையதன் முன்னால் நின்றேன். பக்கத்தில் புதியது பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மிச்சம் என்று மேடம் சொன்னது காதில் விழுந்ததுதான். மனதில் தங்கியது அந்த ரெஸ்ட் மட்டும். மற்ற கருவிகளுக்குக் கிடைக்கிற ஓய்வு இதற்கும் ஒரு தடவை கிடைக்கட்டும் என்று, சந்தன விரலாலேயே பொத்தானை அழுத்திப் பிடித்தேன். முனகல் நின்றது. நல்ல காரியம் செய்த நிறைவோடு பஸ் ஏறினேன்.

லீவு முடிந்த காலையில் பாதிப் பேருக்குக் கணினி திறக்கவில்லை. மேடம் ஓடிவந்து பழையதன் பொத்தானை அழுத்தினார். உள்ளே டிக் டிக் என்று ஏதோ தட்டியது, அவ்வளவுதான். பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

பொத்தானில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். டீத் தட்டோடு வாசலில் நின்ற என்னையும் பார்த்தார். மானேஜரின் ஷூ சத்தம் கேட்டதும் துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துவிட்டார்.

"ஆரா இது ஓஃப் செய்தது?" என்றார் மானேஜர். மேடத்தின் பக்கம் திரும்பினார். "பணி பாதிக்கு இட்டேச்சு லீவில் போயி, அல்லே?" வேலையைப் பாதியில் போட்டுவிட்டு லீவில் போனதைத்தான் கேட்டார்.

"என்டெ தெற்றா சார்," என்றார் மேடம். தப்பு தன்னுடையதாம்.

'நான்தான் சார்' என்பது நான் சொல்லியிருக்க வேண்டியது. டீயை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கூச்சம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வேலை போய்விடும் என்ற பயம்.

மதியத்துக்குள் அந்த இரண்டு பொறுப்பையும் புதியதில் கொண்டுவந்துவிட்டார்.

"குடுக்கறவர் எழுந்திருக்கலைன்னா பறிச்சுத்தான் எடுக்கணும் அண்ணா. பறிச்சாச்சுன்னா, அப்புறம் அவர் பிழைச்சு வந்தாலும் சேர்த்துக்க முடியாது."

வேறொன்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ.

இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது. பாதியில் வேலையை விட்டுப் போகிறவர் வேண்டாம் என்று மானேஜர் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள், "வரேன் அண்ணா" என்றார். "சரி மேடம்" என்றேன். மூன்று வருடமாக அந்த "சரி மேடம்" என்னை விடவில்லை.

இன்று பூஜை எடுத்து, ஊரெல்லாம் குழந்தைகள் அரிசியில் முதல் எழுத்து எழுதுகிற நாள். நானும் பேனாவை எடுத்தேன். செர்வரை அணைத்தது நான். மேடம் அல்ல.

விஜயதசமி, 2009.