காங்கிரசுக்கு ஒப்பாரி பாடிய பேச்சித்தாய்

இழவு வீட்டுக்குப் போனதும் பேச்சித்தாய் ஒப்பாரியைத் தொடங்கிவிட மாட்டாள். இறந்தவருக்கு என்ன குழம்பு பிடிக்கும், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார், கடைசியாக யாரோடு மனஸ்தாபம் என்று அங்குள்ள பெண்களிடம் ஒவ்வொன்றாக விசாரிப்பாள். அதெல்லாம் தெரிந்த பிறகுதான் மாரில் கை வைப்பாள். தூத்துக்குடி உப்பளத்தில் அவள் ஓலைப்பெட்டியில் உப்பு சுமந்தாள். பாடப் போவது சாவு விழுந்த அன்று மட்டும்தான். அவள் பாட்டில் செத்தவர் எழுந்து நடமாடுவார் என்று ஊரில் சொல்வார்கள்.

1977 மார்ச்சில் தேர்தல் முடிவு வந்த மறுநாள் வன்னியபெருமாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர். காங்கிரசுக்கு எதிர்க்கூட்டணியில் இருந்த ஒரு கட்சிக்கு வட்டப் பொறுப்பாளர்.

“ஏளா பேச்சித்தாய், நாளைக்குச் சாயங்காலம் வந்து ஒப்பாரி பாடணும்.”

“யாரு அண்ணாச்சி தவறிட்டா?”

“காங்கிரசு.”

அவள் சிரிக்கவில்லை. “எப்படிச் செத்துச்சு?” என்று கேட்டாள்.

டெல்லியில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது, பிரதமராக இருந்த அம்மையாரே தன் தொகுதியில் தோற்றுப் போனார், இனி அந்தக் கட்சி எழுந்திருக்கவே முடியாது, அதனால் பாடை கட்டி ஊர்வலம் விடுகிறோம் என்று வன்னியபெருமாள் விளக்கினார்.

“நம்ம பக்கம் அவுக ஜெயிச்சாகன்னுல்லா சொல்லுதாவ? இங்கன ஜெயிச்சத எப்படிப் பாடையில தூக்குததாம்?”

அது உண்மைதான். நாடு முழுக்கத் தோற்றாலும் தமிழ்நாட்டில் காங்கிரஸ் கூட்டணிதான் பெருவாரியாக ஜெயித்திருந்தது. வன்னியபெருமாளுக்கு எரிச்சல் வந்தது. “தலை போச்சுன்னா ஒடம்பு எத்தன நாளைக்கு இருக்கும்? நீ வந்து பாடு. சனம் சிரிக்கணும், அவ்வளவுதான்.”

சரி என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் செத்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எப்படிப் பாடுவது? பசுவும் கன்றும் போட்ட சின்னத்தைச் சுவரில் பார்த்திருக்கிறாள், ஊரில் பேசுவது காதில் விழும், அதற்கு மேல் தெரியாது. அன்றைக்கு மாலையே தளவாய் வீட்டுக்குப் போனாள். தளவாய் சைக்கிள் கடைக்காரர், சின்ன வயதிலிருந்தே கதர் கட்டுகிறவர். பெரியவர் வானொலியை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, நாளைக்கு ஒங்க கட்சிக்கு ஒப்பாரி பாடச் சொல்லி இருக்காவ. அது எப்படிப்பட்டதுன்னு ஒங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

தளவாய்க்கு முகம் சிவந்தது. துரத்திவிடத்தான் நினைத்தார். ஆனால் அவள் கேலி செய்ய வரவில்லை என்பது தெரிந்தது. இழவு வீட்டில் கேட்பதைப் போலவே கேட்டுக்கொண்டிருந்தாள். யார் பெற்றது, யார் வளர்த்தது, எதற்காகச் சண்டை போட்டது என்று. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினார். மீசை முளைக்காத வயதில் உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டு ஜெயிலுக்குப் போனதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உப்புக்காகவா ஐயா ஜெயில்ல கெடந்தீய?”

“ஆமா தாயி. ஒரு பிடி உப்பு.”

காலையிலிருந்து சுமந்த உப்பு அவள் குதிகால் வெடிப்பில் எரிந்துகொண்டிருந்தது. காலைத் தடவிக்கொண்டாள். “பொறவு எதுக்கு இந்த ரெண்டு வருசமா வாயத் தொறந்தவனயெல்லாம் பிடிச்சு உள்ள போட்டாவ?” என்று கேட்டாள். “அதையும் சேத்தே பாடு தாயி” என்றார் தளவாய்.

மறுநாள் மூங்கில் பாடையில் வைக்கோல் பொம்மை படுத்திருந்தது. கதர்த் துணி சுற்றி, தலையில் குல்லாய் வைத்திருந்தார்கள். மேளக்காரர்கள் குத்துப் போட, பையன்கள் ஆட, கூட்டம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. மணலில் பாடையை இறக்கினார்கள். பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்தாள்.

“உப்புக்குச் செறையிருந்த
உத்தமரே கண்தொறங்க
ஒப்புக்கும் எங்க சொல்ல
ஒருநாளும் கேக்கலியே
பசுவுக்குத் திமிரு வந்தா
பாவங் கன்னு என்ன செய்யும்
பரிதவிச்சு நிக்குதய்யா
பால்மணமும் மாறலியே”

முதல் வரிக்குச் சிரித்தவர்கள் நாலாவது வரிக்கு நிறுத்திவிட்டார்கள். மீன் கூடையோடு வந்த திரேஸ்புரத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். யாருக்காக அழுதோம் என்று பின்னால் கேட்டபோது அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. வன்னியபெருமாள் குனிந்து, “சிரிக்க வைக்கல்லா கூப்பிட்டேன்” என்று பல்லைக் கடித்தார்.

பாட்டு முடிந்ததும் பேச்சித்தாய் கேட்டாள். “கொள்ளி வைக்கப் போற மகன் யாரு?”

யாரும் அசையவில்லை. தகப்பன் உயிரோடு இருப்பவன் எவன் கொள்ளிக்கட்டையைத் தொடுவான்? வன்னியபெருமாள் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் பின்னால் நின்றவரைப் பார்த்தார். தகப்பன் இல்லாதவர்களும், விளையாட்டுக்குக்கூட அந்தக் காரியம் வேண்டாம் என்று நழுவினார்கள். கடைசியில் பாடையை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது. உப்பு ஏற்றி வந்த வண்டி மாடுகள் அவிழ்த்துவிட்ட நேரத்தில் வைக்கோலைத் தின்று தீர்த்தன.

செத்ததாகச் சொன்ன கட்சி செய்தியில் அடிபட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த வருசம் அது இரண்டாக உடைந்தது. அம்மையார் கர்நாடகத்தில் ஓர் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். பசுவும் கன்றும் போய்க் கை சின்னம் வந்தது. பேச்சித்தாய் வேலை முடிந்து திரும்பும்போது சைக்கிள் கடையில் நின்று, “இன்னைக்கு என்னய்யா சேதி?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தளவாய் பேப்பரை வாசிப்பார். எதிர்க்கட்சிச் செய்தியையும் வாசிக்கச் சொல்வாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசிப்பார்.

1979 டிசம்பரில் மறுபடியும் நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரம் தொடங்கியது. ஒரு நாள் காலையில் அவள் வாசலில் இரண்டு பேர் கும்பிட்டபடி நின்றார்கள். ஒருவர் தளவாய். இன்னொருவர் வன்னியபெருமாள். அவருடைய கட்சியும் காங்கிரசும் இப்போது ஒரே கூட்டணி. வன்னியபெருமாள் தோளில் இரண்டு கட்சித் துண்டுகளும் கிடந்தன.

“கை சின்னத்துக்குப் போட்டுரு பேச்சித்தாய்” என்றார் தரையைப் பார்த்தபடி.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அண்ணாச்சி, கேக்கேன்னு கோவப்படக் கூடாது. அன்னைக்கு நான் யாருக்குப் பாடுனேன்?”

தளவாய் வேறு பக்கம் திரும்பி இருமினார். தோள் குலுங்கியதில் அது இருமல் இல்லை என்று தெரிந்தது. வன்னியபெருமாள், “அரசியல்ல அதெல்லாம் சகஜம்ளா” என்றார். அவள் இருவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஓட்டு யாருக்கு என்று சொல்லவில்லை.

ஜனவரியில் அந்தக் கூட்டணி அபாரமாக ஜெயித்தது. மாநிலத்தை ஆண்ட கட்சிக்குத் தமிழ்நாடு முழுக்க இரண்டே இடம். பிப்ரவரியில் அந்த ஆட்சியையும் கலைத்துவிட்டார்கள். வன்னியபெருமாள் ஓட்டமாக வந்தார்.

“அவனுவ கதை முடிஞ்சுது. பாடை தயாரா இருக்கு. ஒரு பாட்டுப் பாடுளா.”

“ஒடம்பு சில்லிட்டுருச்சான்னு பாத்தீயளா அண்ணாச்சி?”

“என்ன கேள்வி இது?”

“இன்னும் கொஞ்சம் பொறுங்க. உசுரு இருக்குததுக்குப் பாடுனா அது ஒப்பாரி இல்ல, சாபம்.”

அவர் வேறு ஆளைத் தேடிப் போனார். கிடைத்தாரா என்று தெரியாது. ஜூன் மாதம், ஆட்சி பறிபோன அந்தக் கட்சியே தேர்தலில் ஜெயித்துக் கோட்டைக்குத் திரும்பியது. உப்பளத்தில் பெண்கள் அவளுக்குக் குறி சொல்லத் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். அவள் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. “எனக்கு என்ன தெரியும்? கேட்டேன், அவ்வளவுதான்” என்பாள்.

அதன்பிறகு எந்தக் கட்சிக் கூட்டமானாலும் முன்வரிசை மணலில் பேச்சித்தாய் உட்கார்ந்திருப்பாள். மேடையில் ஒருவர் முழங்கும்போது பக்கத்திலிருப்பவளிடம் மெதுவாக, “இவரு யாரு, எந்தூரு, வீட்டுல எத்தன பிள்ளைக?” என்று விசாரித்துக்கொண்டிருப்பாள்.