ரோசியின் மருந்துக் காசு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு நாய்க்குக் காய்ச்சல் வந்தது. கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் நாய்க்கு வருத்தம் வந்தால் இரண்டு நாள் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அது எழும்பி ஓடும், அல்லது ஓடாது. வைத்தியரிடம் கொண்டுபோவது கறவைப் பசுவுக்கு மட்டும் செய்யும் மரியாதை. ஆனால் ரோசி மாமியின் நாய். அதனால் விஷயம் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. டென்மார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அதற்கு மூன்று வருடம் முன்பு லீவில் வந்தபோது, உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட மழையில் நனைந்துகொண்டு நின்ற ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். ஒரு மாதத்தில் அவர் விமானம் ஏறினார், குட்டி எங்களோடு தங்கியது. அந்த ஒரு மாதத்துக்குள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காணித் துண்டைப் பற்றி அம்மாவுக்கும் மாமிக்கும் ஏதோ வார்த்தை தடித்துவிட்டது. அதன்பிறகு இருவரும் நேரே கதைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மாமி வீடியோவில் வருவார். அப்பா கதைப்பார், நான் கதைப்பேன், ரோசியைத் தூக்கிக் காட்டுவேன். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் குசினிக்குள் ஏதாவது வேலை வந்துவிடும்.

அந்த ஞாயிறு ரோசி தலையைத் தூக்கவில்லை. மூக்கில் கொஞ்சம் இரத்தம் காய்ந்திருந்தது. மாமி திரையில் பதறிப்போனார். யாழ்ப்பாண ரவுணில் நாய், பூனைகளுக்கென்றே ஒரு கிளினிக் இருப்பதாக அவரோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருக்கிறார். நாளைக்கே அங்கே கொண்டுபோகவேண்டும் என்றார்.

அடுத்த நாள் அப்பா வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவதை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் இருந்து, தக்காளிப் பெட்டிக்குள் சாக்குப் போட்டு ரோசியைப் படுக்கவைத்து, பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கிளினிக்குக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். நாயை நிறுக்க ஒரு தராசு இருந்தது. வைத்தியர் ரோசியின் முன்காலைப் பிடித்துக் குலுக்கி ஆங்கிலத்தில் சுகம் விசாரித்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. ஐந்து நாள் அங்கேயே வைத்திருக்கவேண்டும், சேலைன் ஏற்றவேண்டும், இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கவேண்டும் என்று சொல்லி, அழகான எழுத்தில் ஒரு பட்டியல் எழுதித் தந்தார். அடியில் ஒரு தொகை இருந்தது.

அப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் வேணுமோ, டொக்டர்?"

"அது உங்கடை விருப்பம். நாங்கள் நல்லதைத்தான் சொல்லுவம்."

அப்பா தாளைப் படம் எடுத்து மாமிக்கு அனுப்பினார். மாமி உடனே பதில் போட்டுவிட்டார். காசைப் பற்றி யோசிக்கவேண்டாம், அனுப்புகிறேன், இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். காசு வந்ததும் வருகிறோம் என்று அப்பா சொல்ல, ரோசியும் நானும் தக்காளிப் பெட்டியும் திரும்பி வந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் நாலு பசு வைத்திருந்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "டென்மார்க்குக் காசு வாற வரைக்கும் நாய் இருக்குமோ? எங்கடை டொக்டரிட்டை ஒருக்கால் காட்டுங்கோவன், அதுக்குக் காசில்லை" என்றார்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் அரசாங்க மிருக வைத்தியரிடம் போனோம். அங்கே கண்ணாடிக் கதவு இல்லை. வேப்பமரத்தில் ஒரு பசு கட்டியிருந்தது. ஒருவர் உரப்பைக்குள் ஒரு கோழியோடு குந்தியிருந்தார். வைத்தியர் ஓர் இளம்பெண். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, அதில் சேறு. ரோசியின் பெயரை அவர் கேட்கவே இல்லை. உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பார்த்தார். காதுக்குள் விரலை விட்டு உண்ணி ஒன்றைப் பிடுங்கி என் கண்முன்னால் நசித்தார்.

"உண்ணிக் காய்ச்சல் போலை கிடக்கு. தண்ணி குடிக்குதோ?"

"ஓம், குடிக்குது."

"எவ்வளவு மட்டும் செலவழிக்க ஏலும், அண்ணை?"

எனக்கு முகம் சுட்டது. எங்களை இல்லாதவர்கள் என்று நினைத்துவிட்டார் என்று பட்டது. அப்பா நிலத்தைப் பார்த்தார். பிறகு, எனக்கு ஆச்சரியமாக, ரவுண் வைத்தியரின் பட்டியலை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் அதை முழுவதும் வாசித்துவிட்டு, இதில் எதுவும் பிழையில்லை, ஆனால் இன்றைக்கே எல்லாம் தேவையில்லை என்றார். தானாகத் தண்ணீர் குடிக்கிற நாய்க்கு இப்போதைக்குச் சேலைன் வேண்டாம். முதலில் குளிசையைத் தொடங்குவோம், மூன்று வாரம் ஒரு நாளும் விடக்கூடாது. ஐந்து நாளில் திரும்பாவிட்டால் அப்போது இரத்தம் சோதிப்போம். ஒரு துண்டில் குளிசையின் பெயரை எழுதி, எந்தப் பார்மசியிலும் வாங்கலாம், கேட்கும்போது நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், விலை குறையும் என்றார். சாக்கை எரித்துவிட்டு, நாய் படுக்கும் இடத்தைக் கழுவச் சொன்னார். அடுத்தாளாகக் கோழியைக் கூப்பிட்டார்.

இன்று எனக்கு ஒரு பூனை இருக்கிறது. புது வைத்தியரிடம் போனால், செலவு எவ்வளவு தாங்கும் என்று அவர் தானாகக் கேட்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆனால் அன்று, மாட்டு டொக்டரிடம் காட்டி ரோசியைக் கொல்லப்போகிறார்கள் என்று வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன்.

புதன்கிழமை மாமியின் காசு வந்தது. வியாழக்கிழமை காலையில் அப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். நான் தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் பின்னால் ஏறியது அம்மா. கோயிலுக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தார். அவர்கள் பின்னேரம்தான் வந்தார்கள். அம்மாவின் முழங்கையின் உட்புறத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பாவின் கையில் பெரிய மண்ணிற உறை ஒன்று இருந்தது. அதை அலுமாரிக்கு மேல் வைத்தார்.

"ரோசியை எப்ப ரவுணுக்குக் கொண்டு போறது?" என்று கேட்டேன்.

"அது சுகம் வருகுது. மாமி கேட்டால் கொண்டு போனதெண்டு சொல்லு."

பொய் சொன்னதற்காக ஒருமுறை என்னை முழங்காலில் நிற்கவைத்த அப்பா இதைச் சொன்னார். குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, என்ரை கதை ஒண்டும் அவவுக்குப் போகக்கூடாது." அப்பா ஓம் என்றார். அம்மாவின் கதைக்கும் ரோசியின் காசுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், நாயின் காசில் அப்பாவும் அம்மாவும் ரவுணுக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்பதுதான்.

ஞாயிறு வந்தது. ரோசி தண்ணீர் குடித்தாள், சாப்பிடவில்லை. அப்பா மாமிக்கு ஏதேதோ சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"மாமி, ரோசியை ரவுணிலை வைச்சிருக்கேல்லை. மாட்டு டொக்டரிட்டைத்தான் காட்டினது. உங்கடை காசிலை அப்பா அம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போனவர்."

"அம்மாவை எங்கை?"

"தெரியாது. கையிலை பஞ்சு ஒட்டியிருந்தது. பெரிய கவர் ஒண்டு கொண்டந்தவை."

மாமியின் முகம் திரையில் அப்படியே நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். பிறகு, கவரில் என்ன எழுதியிருக்கிறது, போய்ப் பார்த்து வா என்றார். கதிரை வைத்து ஏறி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக மனதில் அடுக்கி வந்து ஒப்பித்தேன். மாமி கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நீ எனக்குச் சொன்னதை அப்பாட்டைச் சொல்லாதை. என்ன?"

மாமிக்குச் சொல்லாதே என்று அப்பா, அப்பாவுக்குச் சொல்லாதே என்று மாமி. நடுவில் நான்.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்கு நாள் தள்ளிக் கொடுத்திருந்தார்கள், தனியாரிடம் எடுக்க வெங்காயம் விற்கும்வரை அப்பாவிடம் காசில்லை. அந்த நேரத்தில்தான் நாய்க்கென்று காசு வந்தது. அப்பா இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தங்கையிடம் மனைவிக்காகக் கை நீட்டவும் அவரால் முடியவில்லை, அம்மாவும் விடவில்லை. இதெல்லாம் பன்னிரண்டு வருடம் கழித்து, மாமி வாயால் கேட்டது.

செவ்வாய்க்கிழமை ரோசி மீன் குழம்பும் சோறும் தின்றாள். அடுத்த வாரம் கோழியைத் துரத்தினாள். மாட்டு டொக்டர் வென்றுவிட்டார். அந்த ஞாயிறு மாமி அப்பாவிடம், "அண்ணை, உந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருமாம். கனநாளைக்கு மருந்து குடுக்கோணுமாம். நான் மாதம் மாதம் அனுப்புறன்" என்றார். முற்றத்தில் ரோசி ஒரு சேவலின் வாலைக் கவ்விக்கொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கடைசியில் "ஓம்" என்றார்.

பிறகு அம்மா தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினார். காய்ச்சலுக்கு ஊசி போடுகிறார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். வந்த நாளெல்லாம் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தார். தலைமுடி கொட்டியது. ரோசியின் உண்ணிக் காய்ச்சல்தான் அம்மாவுக்குத் தொற்றிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அம்மா படுத்திருக்கும்போது பக்கத்தில் இருந்து, மிச்சமிருந்த முடியை விலக்கி உண்ணி தேடினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தடவிக் கொடுப்பதாக நினைத்து, "கெட்டிக்காரி" என்றார். இன்று அம்மா சுகமாக இருப்பதால் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

மார்கழியில் ஒருநாள் பருத்தித்துறை வீதியைக் கடக்கப்போன ரோசி மினிபஸ்ஸில் அடிபட்டுச் செத்தாள். அதற்கு எந்த வைத்தியரும் தேவைப்படவில்லை. தேசிமரத்தடியில் அப்பா குழி வெட்டினார். நான் அழுதேன், அப்பாவும் அழுதார். மூன்று நாள் கழித்து ஞாயிறு. ரோசி எப்படி என்று மாமி கேட்டார்.

"பரவாயில்லை" என்றார் அப்பா.

என்னால் தாங்க முடியவில்லை. போன் என் கைக்கு வந்ததும் கிணற்றடிக்கு ஓடி, ரோசி செத்துப்போச்சு என்று சொன்னேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றார். அடுத்த மாதமும் ரோசியின் மருந்துக்குக் காசு வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, அம்மா குசினிக்குப் போகவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு கதிரையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். எழும்பிப் போகச் சீவன் இல்லாததாலோ என்னவோ. திரையில் வந்த மாமி, அவரைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றார்.

"மச்சாள், ரோசி சாப்பிடுதோ?"

அம்மா திரையைப் பார்த்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"ஓம். இப்ப கொஞ்சம் சாப்பிடுது. சத்தி நிண்டுட்டுது."

"மயிர் கொட்டினது?"

"அதுவும் நிண்டுட்டுது. மெல்ல மெல்ல முளைக்குது."

"குளிசையை இடையிலை விடக்கூடாது மச்சாள். எவ்வளவு நாளெண்டாலும் பரவாயில்லை."

"விடேல்லை" என்றார் அம்மா. அப்பா எழுந்து, தண்ணீர் மோட்டரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார். மோட்டர் ஓடவே இல்லை.

நான் முற்றத்தில் நின்ற அப்பாவையும் அம்மாவையும் திரையில் மாமியையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பா பொய் சொல்வார், அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அம்மா பொய் சொல்பவரல்ல. மாமிக்கோ உண்மை தெரியும், நானே சொல்லியிருந்தேன். ஒருவருக்கும் ரோசி செத்ததை நம்ப மனம் வரவில்லை, அவ்வளவு ஆசை வைத்திருந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். அவர்கள் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். எழும்பிப் பின்பக்கமாகத் தேசிமரத்தடிக்குப் போய், குந்தியிருந்து மண்ணை உற்றுப் பார்த்தேன். குழியை மூடிய இடத்தில் பசும்புல் மெல்லியதாக, கூட்டமாக முளைத்திருந்தது. அம்மா சொன்னது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.