கீழாநெல்லிச் சாற்றின் நீலம்

சித்ரகலா கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. படித்தவள். திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே பரிசோதனைக்கூடத்துக்கு அவள் ஒருத்திதான்.

கீழாநெல்லிச் சாற்றில் மஞ்சள் நிற ஃபோலின் திரவத்தை விடுவாள். சோடா கரைசல் சேர்த்து இருட்டில் கொஞ்ச நேரம் வைப்பாள். எடுத்துப் பார்த்தால் நீலம் ஏறியிருக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, சாற்றில் பீனால் சத்து அவ்வளவு கூடுதல். அடர்த்தியைக் கலரிமீட்டர் கருவி எண்ணாகச் சொல்லிவிடும்.

அந்த வருஷத்துக் கீழாநெல்லி, குழாயில் மையைக் கொட்டியது போல் நீலம் பிடித்தது. முதலாளி மகுடேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய ரிப்போர்ட்டைக் கையெழுத்தோடு படம் பிடித்து, 'ஈரலைக் காக்கும், ஆய்வில் நிரூபணம்' என்று கம்பெனியின் கீழாநெல்லி மாத்திரை டப்பாப் படத்தோடு வாட்ஸ்அப்பில் விட்டார்.

சித்ரகலா நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், சத்து எவ்வளவு இருக்குன்னுதானுங்க அளந்தேன். நோவு தீருமான்னு நான் பாக்கவே இல்லீங்க."

"நெம்பர் பொய்யுங்களா அம்மிணி?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னங்க? போயி வேலையப் பாருங்க."

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றி அவள் புருஷன் செல்வக்குமாரின் போனுக்கும் வந்தது. அவன் சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டுபவன். ஈரலில் காமாலைக் கிருமி தங்கிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் தினசரி மாத்திரை கொடுத்திருந்தார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாதென்றும் சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்து வயதில் ஆயுசுக்கும் மாத்திரையா என்று அவனுக்குக் கசந்து கிடந்தது. அதை விட்டுவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறினான். வீட்டில் மூச்சுவிடவில்லை.

கண் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்ட ஆரம்பித்த பிறகுதான் அவன் பையில் கம்பெனி டப்பா அகப்பட்டது.

"ஏனுங்க, என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"உன்ற கையெழுத்துத்தான இருந்துச்சு புள்ள. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது?"

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தாள்.

கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்தும் ஈரல் தேறவில்லை. வயிறு வீங்கியது. ஒருநாள் அவளையே உற்றுப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றான். அதன் பிறகு அவன் பேசவே இல்லை.

துக்கம் விசாரிக்க வந்த மகுடேஸ்வரன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் படத்த எடுத்துருங்க சார்."

"நாங்க எடுத்தாச்சுங்க அம்மிணி. சனங்க மாத்தி மாத்தி அனுப்பிக்கறாங்க. அத நான் எங்கீன்னு போய்த் தடுக்கட்டும்?"

அவர் சொன்னது நிஜம்தான். திட்டித் தீர்க்கக்கூட வழியில்லாமல் போயிற்று அவளுக்கு.

அந்த வேலையை விட்டாள். வேறொரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனாள். அளப்பதில் பிசகு ஒன்றும் வரவில்லை. எண்ணை எழுதத்தான் கை போகவில்லை. எழுதினால் யார் வீட்டுக்குப் போகுமோ, யார் என்னவென்று படிப்பார்களோ. இரண்டாம் வாரமே நின்றுவிட்டாள்.

இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டை இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்று துணியைப் புரட்டிப் பார்த்துப் போடுகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் எதைப் பேசினாலும் "சரிங்க" என்கிறாள். சாப்பாட்டு மணி அடித்தால் யாராவது வந்து தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருக்கிறது.