கத்தரி பட்ட கார்டுகள்

கிரிக்கெட் கார்டு சரிபார்க்கிற வேலையில் கண்ணைவிடக் கட்டைவிரல்தான் முக்கியம். கவுன்டரில் உட்கார்ந்து, ஆசையோடு வருகிறவர்களிடம் "இல்லை" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், தொம்மலூரில் ஒரு பபிள்கம் ஏஜென்சியில் இருந்தேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் ஆட்டக்காரரின் கார்டு இருக்கும். அறுபதையும் சேர்த்துக் கொண்டு வந்தால் ஒரு பேட் இலவசம். தப்பான கார்டுக்குப் பேட் கொடுத்தால் வேலை போய்விடும்.

யாருடைய முழங்கை?

பெரிய தாளில் வரிசையாக அச்சடித்து மெஷினில் வெட்டுவார்கள். மெஷின் வெட்டில் மூலை லேசாக வளைந்திருக்கும். வெட்டாத தாள் எப்படியோ வெளியே போய், யாராவது வீட்டில் கத்தரி போட்டால் மூலை குத்தும், ஓரம் சொரசொரக்கும்; அது செல்லாது.

டை கட்டிய ஒருவர், மகனுக்கென்று அறுபதையும் கொண்டு வந்தார். ஒரு கார்டில் பந்து வீச்சாளரின் தோளருகே இன்னொரு முழங்கை! தாளில் பக்கத்துக் கட்டத்தில் இருந்தவருடையது. சுட்டிக் காட்டினேன். அவர் அசரவே இல்லை.

"அதனால என்ன மேடம், அவரும் நம்ம டீம்தானே?"

மூக்குக்குத் தெரிந்தது

ஒரு கல்லூரிப் பையனை, ஓரமெல்லாம் நைந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் குடோனில் வேலை பார்த்த மஞ்சுநாத் எட்டிப் பார்த்து, அந்தப் பையன் என் மேஜையில் விட்டுப்போன கார்டை என் மூக்கருகே நீட்டினான். பேன்ட் பையிலேயே கிடந்து நைந்த நிஜக் கார்டு. மஞ்சுநாத் கேட்ட கேள்வி துரத்த, பஸ் ஸ்டாப் வரை பேட்டோடு ஓடினேன்.

"கத்தரி போட்டதுல பபிள்கம் வாசனை வருமா அக்கா?"

செல்வம் கேட்டது

ஈஜிபுராவிலிருந்து செல்வம் என்பவர் வந்தார். கார்டு அச்சடிக்கும் இடத்தில் தாள் தூக்குகிற வேலை. நாளை தன் மகள் அனிதா அறுபது கார்டோடு வருவாள், அதில் ஒன்று தான் வெட்டியது என்றார். அந்த ஒன்று கிடைக்காமல் மூன்று மாதம் தவித்தாளாம். கழித்துப் போட்ட தாளிலிருந்து வெட்டி, பாக்கெட்டில் வந்தது என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். பேட் கேட்டு வருவாள் என்று அப்போது தோன்றவில்லையாம்.

வெட்டின கார்டு கையில் கிடைத்தால் ஓட்டை போட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து அச்சகத்துக்குப் போகும், யார் வெட்டினது என்று விசாரிப்பார்கள் என்றேன்.

"வேலை போனா போகட்டும்க்கா. அப்பா பொய் சொன்னாருன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்."

அனிதா

மறுநாள் சீருடையோடு வந்தாள். பத்து வயதிருக்கும். பேட் கொடுத்தால் என் வேலை, ஓட்டை போட்டால் அவள் அப்பாவின் வேலை. நான் வாய் திறப்பதற்குள் அவளே கார்டுக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அம்பத்தொம்பதுக்கு என்ன குடுப்பீங்க ஆன்ட்டி?"

"அது என்னம்மா, மடியில?"

அவள் மேஜையிலிருந்த பஞ்சிங் மெஷினைப் பார்த்தாள்.

"இதுக்கு ஓட்டை போட்டுடாதீங்க ஆன்ட்டி. எங்கப்பா எனக்காக வெட்டினது. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்த ஐம்பத்தொன்பது கார்டை மூன்று தடவை எண்ணியும் எனக்கு அறுபதுதான் வந்தது.