நைனாவின் லாரிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

இந்த நாட்டுக் கடைக்காரர்கள் நமக்காக எதையும் தேர்ந்தெடுத்துத் தர மாட்டார்கள். ஹாம்பர்க் வந்து பதினேழு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. தக்காளியிலிருந்து தலைவலி மாத்திரை வரை எதைக் காட்டி "எது நல்லது?" என்று கேட்டாலும் "கொம்ட் தராஃப் ஆன்" என்பார்கள். உங்கள் தேவையைப் பொறுத்தது என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்த காலத்தில், ஊரில் தெருவுக்குத் தெரு கோச்சிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்ததுமே "இதி தீஸ்கோ தம்முடு", இதை எடுத்துக்கோ தம்பி என்று ஒன்றை எடுத்துப் பையில் போட்டுவிடுவார். தப்பாகப் போனால் மறுநாள் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். இங்கே தப்பும் நம்முடையதாகவே போய்விடுகிறது. அந்தச் சனிக்கிழமை, கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு அலமாரி முன்னால் முக்கால் மணி நேரமாக நான் நின்றுகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். நாலு நாள் கழித்து ஊருக்கு விமானம். அதற்குள் ஒன்றை வாங்கியாக வேண்டும்.

ஒரு இளைஞன் வந்து யாருக்கு என்று கேட்டான். அப்பாவுக்கு என்றேன். வயது? எழுபத்திரண்டு. அவன் முகத்தில் உடனே ஒரு கனிவு வந்தது. கடிதம் எழுதவும் பேரப்பிள்ளைகளின் படம் பார்க்கவும் தனியாகக் கார்டே வேண்டாம், பணத்தை மிச்சப்படுத்துங்கள் என்றான். "அவர் லாரி ஓட்டுகிறார்" என்றேன். "இந்த வயதிலா? எங்கே?" "வீட்டில்." அவன் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். என் ஜெர்மனில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பான்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ஆந்திரப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், மண்டல் ஆபீசில் தெலுங்கு. நைனா முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினார். சித்தூர்ப் பக்கத்து மாம்பழமும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு சென்னை, பெங்களூர், சில சமயம் பம்பாய். எனக்குக் கல்லூரி லீவு விட்டால், திருப்பதி பைபாஸில் வண்டியை ஓரங்கட்டி என்னை ஏற்றிக்கொள்வார். செக்போஸ்டில் ஒரு தெலுங்கு, என்னிடம் ஒரு தமிழ், முன்னால் போகும் வண்டியிடம் இரண்டிலும் சேராத ஒரு மொழி. பாகாலா தாண்டி ஒரு வளைவில் லோடு சாய்ந்து அவருடைய இடது முழங்கால் நசுங்கியபோது நான் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்கிற கால் அது. அதோடு வண்டி ஓட்டுவது போயிற்று. வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற லாரிகளின் கியர் சத்தத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்வாள்.

வீடியோவில் பேசுவதற்காகத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்திருந்தேன். மாட்ட வந்த கடைக்காரர் சும்மா காட்டுவதற்காக ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அதில் கிளட்ச் கிடையாது, வலது காலே போதும். நைனா அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். முதல் வாரம் முழுக்க எதிரே வந்த வண்டிகளை எல்லாம் திட்டினார். "இன்னாடா உங்க ஊர்ல எல்லாரும் ராங் சைட்லயே வந்துக்கினு இருக்கானுங்க?" பிறகு அபராதம் கட்டிக் கட்டி வலப்பக்கம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஸ்டியரிங்கும் பெடலும் நான் அனுப்பினேன்.

நிஜமாகவே அவரை இங்கே கூட்டிவர இரண்டு தடவை விசாவுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். வந்தவர் திரும்பிப் போவார் என்பதற்கு உறுதியில்லை என்று எழுதியிருந்தது. போனில் படித்துச் சொன்னபோது நைனா சிரித்தார். "நான் திரும்ப மாட்டேன்னு அவங்களுக்கு எப்பிட்றா தெரிஞ்சிச்சி?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து திரும்பாதவன் நான்தானே. அதற்கப்புறம் மூன்றாவது தடவை முயற்சி செய்யலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. "ஒருநாள் லாரியிலயே உன் ஊருக்கு வந்துட்றேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் விளையாட்டில்கூட வர முடியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் லாரியின் பக்கக் கண்ணாடிகளைப் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடும், அவருக்குத் தலை சுற்றும். கண்ணாடியை அணைத்துவிட்டால் படம் சீராக ஓடும், அவர் ஓட்ட மாட்டார். "பின்னாடி இன்னா வருதுன்னு தெரியாம எவன்டா வண்டி எடுப்பான்?" ஹாம்பர்க்குக்குக் கிளம்பிக் கிளம்பி முந்நூறு கிலோமீட்டரிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். கண்ணாடிக்கு ஈடுகொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு உண்டா என்று திருப்பதிக் கடையில் போனில் கேட்டேன். சின்னது இருக்கிறது, ரொம்பப் பெரியது இருக்கிறது, நடுத்தரம் வந்த வேகத்தில் போய்விடுகிறது சார் என்றார். நடுத்தரம்தான் எனக்கு வேண்டியது. பெரிய கார்டுக்கு அந்த டப்பாவின் பவர் சப்ளை தாங்காது. சின்னதில் கண்ணாடி தெரியாது.

அந்த இளைஞனிடம் இதையெல்லாம் சொன்னேன். கண்ணாடி என்றதும் விழித்துக்கொண்டான். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ரோட்டை இன்னொரு தரம் வரைய வேண்டும், அதனால் கார்டில் எட்டு ஜிபி மெமரி போதாமல் போகலாம், பன்னிரண்டு பாருங்கள் என்றான். பதினேழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில். நீளம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டான். முந்தின நாள் நைனா டப்பாவைத் திறந்து, கையை வைத்து அளந்து, ஒரு சாணும் நாலு விரலும் என்று சொல்லியிருந்தார். நான் அட்டைப் பெட்டியின் மேல் என் கையை விரித்து வைத்தேன். என் சாண் அவருடையதைவிடச் சிறியது. முப்பத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை அது. எவ்வளவு கூட்டிக்கொள்வது என்று தெரியாமல் கையை எடுக்காமலே நின்றுவிட்டேன். அவன் தாழ்ந்த குரலில், பிரார்த்தனை முடியும் வரை காத்திருக்கிறேன் என்றான். மறுத்துச் சொல்லத் தெம்பில்லை, தலையாட்டினேன். இரண்டு மின்விசிறி வைத்த, நீளம் குறைவான கார்டை எடுத்துக்கொண்டேன். பில் போடும்போது ஒன்றே ஒன்று சொன்னான்: கீழே இருக்கிற, கம்ப்யூட்டரில் சொருகுகிற தங்க நிறப் பட்டையை விரலால்கூடத் தொடாதீர்கள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் கார்டு உறையிலிருந்து வெளியே வந்து, வாழை இலைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் எலுமிச்சம்பழம், கற்பூரம். நைனா குழைத்த சந்தனத்தில் மூன்று பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்திருந்தார். மூன்றும் அந்தத் தங்கப் பட்டையின் மேல்.

"யார் அங்க வெக்கச் சொன்னது?" என்று கத்தினேன். வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்த பொருள். பதினேழு வருஷத்துக் களைப்பும் அந்த ஒரு கத்தலில் வந்தது. எனக்கே அசிங்கமாக இருந்தது.

"புது வண்டின்னா இஞ்சினுக்குப் பொட்டு வெக்காம எடுக்கக் கூடாது" என்றார் மெதுவாக. "எங்க வெக்கலாம்னு பாத்தேன். தங்கமா இருந்துச்சி. அங்கியே வெச்சேன்." எலுமிச்சம்பழத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "வெக்காம எடுத்தது ஒரே ஒரு தபா. பாகாலாவுல காலு போன அன்னிக்கி. அதுவும் புது வண்டிதான். லேட்டாயிடுச்சின்னு" என்றார். இதை அவர் என்னிடம் சொன்னதே கிடையாது. நான் கேட்டதும் கிடையாது.

அம்மா உள்ளே போய் ஒரு பென்சில் ரப்பர் கொண்டுவந்தாள். திருப்பதியில் படித்த காலத்தில் கார்டு வேலை செய்யாவிட்டால் நாங்கள் செய்த முதல் வைத்தியம் அதுதான், நான் சொல்லி அம்மாவுக்குத் தெரியும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் சந்தனத்தைத் துடைத்து, பட்டையை ரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. நைனா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கழற்றி, இன்னொரு தரம் தேய்த்து, அழுத்தி மாட்டினேன். வெளிச்சம் வந்தது. மறக்காமல் கார்டின் மேல்மூடியில், யாருக்கும் கெடுதல் இல்லாத இடத்தில், நானே ஒரு பொட்டு வைத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாம்பர்க்குக்குக் கிளம்பினார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கண்ணாடிகளிலும் ரோடு தெளிவாகப் பின்னால் ஓடியது. ஒவ்வொரு வண்டியைத் தாண்டும்போதும் இடது கண்ணாடியை ஒரு பார்வை, வலதை ஒரு பார்வை. தலை சுற்றவில்லை. நான் இத்தனை வருஷத்தில் ரயில் ஜன்னலில் மட்டும் பார்த்த நாட்டை அவர் எனக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டு போனார். "இங்க பெட்ரோல் பங்க்ல டீ கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும், குடிக்க முடியாது என்றேன்.

சாயங்காலம் ஹாம்பர்க் என்று பலகை வந்தது. ஆறு, பாலம், துறைமுகத்தின் கிரேன்கள். லோடை இறக்கிவிட்டு மறுபடி ரோட்டுக்கு வந்தார்.

"உன் வீடு எந்தப் பக்கம்?"

தேடினேன். விளையாட்டுக்காரர்கள் நாலு தெருவும் ஒரு துறைமுகமும்தான் போட்டிருந்தார்கள். கிரேனுக்குப் பின்னால் தெரிந்த மரங்களைக் காட்டினேன். "அதுக்கும் அந்தாண்ட, நைனா. அங்க ரோடு போடல."

அவர் அந்த மரங்களைப் பார்த்தார். பிறகு இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை ஓரங்கட்டி, பிரேக் போட்டார்.

"சரி, எறங்கு" என்றார் என் பக்கம் திரும்பாமலே. "உன் ஊரு வந்துடுச்சி. இங்கேர்ந்து நடந்து பூடு."

நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பவில்லை. அவர் நான் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.